இலைக்கு ஒரு முழு முட்டை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தங்கச்சாமியைத் திட்டித் தீர்த்தவர்கள் ஒரு நிமிஷம் உட்காருங்கள். விடிவதற்கு முன்னால் பன்னிரண்டு அட்டை முட்டையைச் சாக்குப் போட்டு மூடி, வண்டியில் கட்டிக்கொண்டு போனாரே, அது விற்றுக் குடிப்பதற்காக இல்லை. மனுஷன் செய்தது அதைவிட மோசமான காரியம். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எம். புதுப்பட்டியில் பொன்னுத்தங்கம் என்று ஒரு அம்மா. இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்துவிட்டு, மூட்டுவலி வந்த பிறகு காதுகுத்து வீடு, சடங்கு வீடு என்று சமைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள். அவள் புருஷன்தான் தங்கச்சாமி. ஒரே மகன் பாண்டிராஜ், அதே கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் வேலை பார்த்தவன். ஆடி மாசம் மணிக்கட்டில் தீக்காயம் பட்டதும், அவன் பெண்டாட்டி பானுப்பிரியா ஒரே பிடியாக நின்று அவனைப் பெட்டி அடைக்கிற பக்கம் மாற்ற வைத்தாள். அதுவும் சீசன் முடிகிற வரைக்கும்தான். தீபாவளி கழித்துக் கம்பெனி திறந்தால் மறுபடியும் மருந்து ரூம்.

அதனால் பானு ஒரு வேலை செய்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போர்மேன் செந்தூர்பாண்டி வீட்டுக்கே போனாள். கம்பெனி கேண்டீனை எங்களுக்குக் கொடுங்கள், அதைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரை மறுபடி ரூமுக்குள் அனுப்பாமல் விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. கடைசி லோடு ஏறுகிற அன்று கம்பெனியில் முந்நூற்று நாற்பத்திரண்டு பேருக்குச் சாப்பாடு. அதைக் குறையில்லாமல் போட்டுக் காட்டினால் கேண்டீன் சாவி அன்றைக்கே கையில் என்றார்.

இந்த விஷயம் மாமியார் காதுக்கு வந்தது தெருக் குழாயடியில். எனக்கு ஒரு வார்த்தை சொன்னாளா என்று பொன்னுத்தங்கம் மருமகளோடு பேச்சை நிறுத்திப் பத்து நாளாகிவிட்டது. வேலை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

இன்றைக்குத்தான் அந்தக் கடைசி லோடு நாள்.

அந்தச் சாப்பாட்டில் கறி ரெண்டு துண்டு குறைந்தால்கூட யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முட்டையில் மட்டும் விளையாட முடியாது. இலைக்கு ஒரு முழு முட்டை விழ வேண்டும். கீறல் கூடாது, பிய்ந்திருக்கக் கூடாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பிய்ந்த முட்டைகளைக் குழம்பை ஊற்றி மறைத்துப் பரிமாறிவிட்டார்கள். கம்பெனி திறந்த மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் ரூம் வெடித்துப் போனது. முட்டைக்கும் ரூமுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அந்த ரூம்களில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. பிய்ந்த முட்டை விழுந்தால் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். திறப்பன்று வேலைக்கும் வர மாட்டார்கள். செந்தூர்பாண்டி சொன்ன குறை என்பது இதுதான்.

பொன்னுத்தங்கத்துக்கு இது தெரியாதா? அதனால்தான் எட்டு நாளைக்கு முன்னாலேயே முட்டையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஈரமணல் பரப்பி வைத்திருந்தாள். நாள்பட்ட முட்டைதான் வேக வைத்தால் ஓடு லேசாகக் கழன்று வரும். புது முட்டை சதையோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பத்து நாளாக இருந்த கோபத்தில் அவரிடமும் பேச்சுக் குறைவு.

தங்கச்சாமிக்கு டீக்கடையில் வந்தது வினை. கட்டிலுக்கடியில் ஒரு வாரத்து முட்டையைப் போட்டு வைத்திருக்கிறீர்களாமே, கம்பெனிக்கே வயிற்றைக் கலக்க விடப்போகிறீர்களா என்று அங்கே டீ குடிக்க வந்த முனியசாமி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விடியும் முன்னே எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு, எரிச்சநத்தம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிற சொந்தக்காரரிடம் போனார். பழசைக் கொடுத்தார், கெஞ்சிக் கூத்தாடிப் புதுசை வாங்கினார்.

காலை ஆறரை மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்தி, சாக்கை விலக்கிக் காட்டி, "இந்தா பாரு பொன்னு. ராத்திரி போட்ட முட்டை. கைய வச்சுப் பாரு, சூடு தெரியும்" என்றார். முகமெல்லாம் பெருமை.

பொன்னுத்தங்கம் கையை வைத்துப் பார்க்கவில்லை. கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய முட்டை எங்கே என்று மட்டும் கேட்டாள். அது அப்போதே பண்ணை முட்டையோடு விருதுநகர் லோடில் ஏறிப் போய்விட்டது என்றார். அவள் ஏன் கேட்கிறாள் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

பானு மூன்று முட்டையை எடுத்தாள். சின்னப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, முட்டையைப் போட்டு, அடுப்பில் வைத்தாள். மாமியார் எப்போதும் செய்கிற முறை. வெந்ததும் எடுத்து உரித்தாள். முதல் முட்டையில் ஓட்டோடு வெள்ளைக்கரு பாதி வந்துவிட்டது. ரெண்டாவதில் மஞ்சக்கரு தெரிந்தது. மூன்றாவதை மாமனார் கையில் கொடுத்து நீங்களே உரியுங்கள் என்றாள். அவர் நகத்தால் நோண்டி நோண்டிக் கடைசியில் கையில் மிஞ்சியதைப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. தலையில் கை வைத்தார்.

கடைகளில் வாங்கலாம் என்றால் அன்றைக்கு எல்லாக் கம்பெனியிலும் சாப்பாடு. சுற்று வட்டாரத்தில் அட்டை அட்டையாக முட்டை கிடைக்காது. சீனிவாசகம் கடைக்கு ஆளனுப்பிக் கேட்டதற்கு நேற்றே காலி என்று பதில் வந்தது. இனி இந்தப் பன்னிரண்டு அட்டையில் மிஞ்சின முந்நூற்று ஐம்பத்தேழை வைத்துத்தான் முந்நூற்று நாற்பத்திரண்டு இலைக்குப் போட வேண்டும். கம்பெனிக்குள் அடுப்பு மூட்டுகிற பேச்சே கிடையாது. எல்லாம் இங்கே வெந்து, இங்கே உரிந்து, பன்னிரண்டு மணிக்குள் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பானு பயந்தது முட்டைக்காக இல்லை. அந்த மணிக்கட்டுக் காயத்துக்கு அவள்தான் பதினெட்டு நாள் மருந்து போட்டுக் கட்டினாள். மறுபடி அந்த ரூமுக்கு அவன் போகிற காலையை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

யோசித்தாள். அவள் பிறந்த ஊர் காரியாபட்டி. அம்மா இருளம்மாள் அங்கே சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். அங்கே முட்டை வந்து இறங்கினால் பழசா புதுசா என்று பார்க்க நேரமிருக்காது. அம்மா தண்ணீரில் போட்டு அவிக்கவே மாட்டாள். இட்லிக் கொப்பரையில் ஆவி நன்றாகக் கிளம்பின பிறகு தட்டில் முட்டையை அடுக்கி மூடிவிடுவாள். மெதுமெதுவாகச் சூடேறினால்தான் வெள்ளைக்கரு தோலைப் பிடித்துக்கொள்கிறது. சடாரென்று ஆவி அடித்தால் ஒட்டாமல் விலகி நிற்கும். பிறகு ஐஸ் தண்ணீர்.

இதை மாமியாரிடம் நேராகச் சொல்ல முடியாதே. பானு மாமனாரைப் பார்த்துச் சொன்னாள், அத்தையிடம் சொல்லுங்கள், கொப்பரையில் ஆவியில் வைக்கலாம் என்று. பொன்னுத்தங்கமும் புருஷனைப் பார்த்து, உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள், நான் முப்பது வருஷமாக அவிக்கிறேன் என்றாள். நடுவில் தங்கச்சாமி ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மணி ஏழே கால். பொன்னுத்தங்கம் பிய்ந்த மூன்று முட்டையையும் ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் மருமகளை நேராகப் பார்த்தாள்.

"சூடு பட்டதும் வெடிச்சுப் போச்சுன்னா?"

பத்து நாளைக்குப் பிறகு பேசின முதல் பேச்சு அது.

"ஒண்ணு ரெண்டு வெடிக்கும் அத்தை. ஆனா ஒட்டாது."

"சரி, வையி. கொப்பரைய நான் எறக்குறேன்" என்று பொன்னுத்தங்கம் எழுந்தாள்.

சடங்கு வீடுகளுக்கு எடுத்துப் போகிற பெரிய கொப்பரைகள் ரெண்டு பரணில் இருந்தன. இறக்கிக் கழுவி, அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்து மூடி ஆடுகிற வரைக்கும் முட்டையைத் தொடவில்லை. கூல்பாரிலிருந்து ஐஸ் கட்டி ஒரு மூட்டை வாங்கிவரத் தங்கச்சாமியை விரட்டினார்கள். இந்தப் பக்கத்து போர்த் தண்ணீரை நம்பி முட்டையை ஆற வைக்க முடியாது, காலையிலேயே வெதுவெதுவென்று வரும்.

முதல் ஈடு இறங்கியது. பதினாலு நிமிஷம். எடுத்து ஐஸ் தொட்டியில் கொட்டினார்கள். பானு ஒன்றை எடுத்து, அகலமான பக்கத்தைத் தரையில் தட்டினாள். காற்று இருக்கிற பக்கம் அதுதான். உள்ளங்கையில் வைத்து லேசாக உருட்டி, தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பெருவிரலால் தள்ளினாள். ஓடு தோலோடு சேர்ந்து ஒரே சுருளாகக் கழன்று வந்தது. முட்டை வழுக்கிக்கொண்டு கையில் நின்றது.

பொன்னுத்தங்கம் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. அடுத்த ஈட்டுக்கு முட்டையை அடுக்கத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஒன்பதரைக்குள் எல்லாம் வெந்துவிட்டது. வெடித்தது ஐந்து. மீதி முந்நூற்று ஐம்பத்திரண்டு. பத்து முட்டை வரைக்கும் போனாலும் தாங்கும். ஆனால் உரிக்க ரெண்டே பேர்தான். பொன்னுத்தங்கம் கறிக் குழம்புப் பக்கம் போக வேண்டும், தங்கச்சாமியை முட்டைப் பக்கம் விடுவதாக இல்லை. பானுவும் பக்கத்து வீட்டுப் பத்திரகாளியின் மூத்த மகளும் உட்கார்ந்து உரித்தார்கள். பத்திரகாளி அதே கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். லோடு நாள் என்பதால் காலையிலேயே போய்விட்டாள்.

பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். பாண்டிராஜ்.

லோடு பாதி ஏறிவிட்டது, போர்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன், நானும் உரிக்கிறேன் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பானுவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. தட்டுகிற பக்கத்தைக் காட்டிக் கொடுத்தாள். ரெண்டு முட்டையிலேயே பிடித்துக்கொண்டான். தனியாக ஒரு அலுமினியச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு மளமளவென்று உரித்துப் போட்டான். கேண்டீன் வந்தால் தினமும் இதுதான் எனக்கு வேலையா என்று கேட்டான். பானு சிரித்தாள். கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது குறைவு.

கறியை இறக்கிவிட்டு வந்த பொன்னுத்தங்கம்தான் முதலில் பார்த்தாள். மகனின் சட்டியைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். அவள் பார்வை போன இடத்தைப் பானுவும் பார்த்தாள்.

முட்டை வெள்ளையாக இல்லை. ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் விரல் ரேகை. சிலதில் பளபளவென்று வெள்ளிப்பொடி. ரெண்டு மூன்றில் லேசாகப் பச்சை.

பெட்டி அடைக்கிற கையில் அட்டைத் தூசி இருக்கும், பசை இருக்கும். இது இருக்காது. இது மருந்து கலக்குகிற கை. சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற சாமான். ஈர முட்டையில் திரும்பத் திரும்பத் தேய்த்ததும் வெளியே வந்துவிட்டது. பொன்னுத்தங்கத்தின் கையும் இருபது வருஷம் அப்படித்தான் இருந்தது.

எனக்கு இந்த இடத்தை எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் பானு பார்த்துவிட்டாளே, நான் என்ன செய்ய.

ரெண்டு மாதமாக அவன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் முன்னே கம்பெனித் தொட்டியில் புளியும் மணலும் போட்டுக் கை தேய்த்துக் கொண்டிருந்தான் போல. பானு அதைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு என்ன சுத்தம் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எப்ப இருந்து?" என்றாள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். "ஆவணில இருந்து" என்றான். பெட்டிப் பக்கம் ரெண்டு வாரம்தான் இருந்ததாகவும், இன்றைக்குக் காலையில் ரூமைக் கூட்டிக் கழுவி ஒதுக்கிவிட்டு வந்ததாகவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, முதலில் சாப்பாட்டைப் பாரு, அப்புறம் சொல்கிறேன் என்றான்.

பத்திரகாளியின் மகள் மெதுவாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த மாதிரி நேரத்தில் எழுந்து போகத் தெரிந்த பிள்ளை.

உப்புப் போட்டுக் கழுவிவிடலாமா என்று தங்கச்சாமி கேட்டார். பச்சை மருந்து வயிற்றுக்குள் போனால் என்னவாகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்தான். பொன்னுத்தங்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு. குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தாள். கோழி கிளறிவிடக் கூடாது என்று மேலே கல்லையும் வைத்தாள்.

அதோடு உரிக்கும்போது பிய்ந்தது ஆறு. மீதி முந்நூற்றுப் பத்தொன்பது. இன்னும் இருபத்துமூன்று இலைக்கு முட்டை இல்லை.

"நான் கொண்டாறேன்" என்றார் தங்கச்சாமி. அவர் குரல் அன்றைக்குத்தான் அவ்வளவு சின்னதாக இருந்தது. வீடு வீடாகக் கேட்டு வாங்கி, அந்தக் கொப்பரையிலேயே வைத்து, உரித்து, நேரே கம்பெனிக்குக் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார். அவரை நம்பித்தான் விடவேண்டும், வேறு ஆளில்லை. பானு முறையை ரெண்டு தடவை சொன்னாள். ஆவி வந்த பிறகுதான் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் மூடியைத் தொடவே கூடாது என்றாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாட்டு வண்டி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போன் எல்லாவற்றையும் வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டான். கொண்டை ஊசிவரைக்கும் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். இனி தங்கச்சாமி எங்கே இருக்கிறார், முட்டை வெந்ததா இல்லையா என்று கேட்க வழியில்லை.

வேப்பமரத்து நிழலில் இலை போட்டார்கள். பெண்கள் வரிசை முதலில். பத்திரகாளி இலையில் முட்டை விழுந்ததும் அவள் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். குறை சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. என்னக்கா, கண்ணாடி மாதிரி உரிச்சிருக்கீக என்று பத்திரகாளி சொன்னதற்குப் பொன்னுத்தங்கம் மருமகளைக் கைகாட்டிவிட்டுப் போனாள். பானு குனிந்து குனிந்து முட்டை வைத்துக்கொண்டே வந்தாள். பாண்டிராஜ் அந்தக் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் இருக்கிற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கடைசிப் பந்தி லோடுமேன்கள். இருபத்துமூன்று பேர். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. முட்டைச் சட்டி காலி.

பொன்னுத்தங்கம் ரசம் கொண்டுவந்தாள், கூட்டு இன்னொரு தரம் வைத்தாள், ஊறுகாய் வைத்தாள். யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. செந்தூர்பாண்டி நாற்காலியைவிட்டு எழுந்து வந்து வரிசையைப் பார்த்தார், பானுவைப் பார்த்தார். வருது அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சாமி கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் மடியைத் தடவின வாட்ச்மேன் கையில் அகப்பட்டது ஒரு தீப்பெட்டி. அடுப்பு மூட்டின கையோடு இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். பட்டாசுக் கம்பெனிக் கேட்டில் தீப்பெட்டி. வேறு நாளாக இருந்தால் போலீஸ் வரைக்கும் போகும். நல்லவேளை, வாட்ச்மேன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். வேட்டியை உதறச் சொன்னான், சட்டையைக் கழற்றச் சொன்னான், பிறகு உள்ளே விட்டான்.

பனியனோடு ஓடிவந்து தூக்குச்சட்டியை நீட்டினார். உள்ளே இருபத்துமூன்று. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. வாங்கினது இருபத்தைந்து, ரெண்டு பிய்ந்துவிட்டது, அதை வாயில் போட்டுக்கொண்டேன் என்றார். பானு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமனாருக்கும்.

இலைகளை எடுத்து, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது செந்தூர்பாண்டி வந்தார். கையில் சாவி.

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல தாயி. முதலாளி சொல்லிட்டாரு. தீபாவளி கழிச்சு கேண்டீன் உங்க பொறுப்பு" என்று சாவியைப் பரிமாறுகிற பெஞ்சில் வைத்தார். பிறகு சாதாரணமாக, "பாண்டியும் சொன்ன சொல்லுல நின்னுட்டான். இன்னும் ஒரு வருசம் அந்த ரூமை இழுத்துட்டான்னா அதுக்குள்ள நான் ஆள் பாத்துருவேன்" என்றார்.

பானுவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. என்ன சொல் என்று கேட்டாள். செந்தூர்பாண்டிக்கு அப்போதுதான் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். ஆவணியில் ஆள் இல்லாமல் பாண்டியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டதையும், பானு வந்து கேண்டீன் கேட்டுவிட்டுப் போன மறுநாள் அவனிடம் பேசியதையும் சொன்னார். கேண்டீன் உன் வீட்டுக்கு, நீ ஒரு வருஷம் ரூமில் இரு என்று கேட்டாராம். அவனும் சரி என்றானாம்.

அவனை வெளியே எடுக்கத்தான் அவள் அத்தனை பாடும் பட்டாள். அதுவே அவனை உள்ளே வைத்துவிட்டது.

சாவியை அவர் பக்கம் தள்ளினாள். "கேண்டீன் வேணாம் அண்ணாச்சி. எங்க ஆளக் குடுத்துருங்க."

செந்தூர்பாண்டி கோபப்படவில்லை. நான் பிடித்து வைத்திருக்கவில்லை, அவனையே கேள் என்று பாண்டிராஜைப் பார்த்தார்.

பாண்டிராஜ் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தான்.

"நான் வரல பானு."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தச் சட்டியைக் கண்டதிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

"அளவு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் வெளிய வந்தா நேத்து வந்தவன் கலக்குவான். அவன் கலக்குனத அந்தா, அந்த அக்கா உக்காந்து அடைக்கணும்." குழாயடியில் பத்திரகாளி கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் நாலு பெண்கள், எதற்கோ சிரித்துக்கொண்டு. "ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்துருதேன். ஒரு வருசம்தான். ஒங்கிட்டச் சொன்னா நீ விடமாட்ட, அதான் சொல்லல."

பொய் சொன்னதற்காக அவனை உண்டு இல்லை என்று பண்ண வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். ஆனால் அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனாலேயே பயம் இன்னும் கூடியது.

சாயங்காலம் முதலாளி ஊருக்குக் கிளம்புகிறார், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு செந்தூர்பாண்டி நகர்ந்துபோனார். சாவி பெஞ்சில் கிடந்தது.

பொன்னுத்தங்கம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். சாவியை எடுத்து முந்தானையில் வைத்து முடிந்தாள்.

"அத வைங்க அத்தை" என்றாள் பானு. "அத வாங்கினா அவுகள நாமளே உள்ள தள்ளுனதா ஆகும்."

"அவன் இருக்கப்போறான்னு ஆகிப்போச்சு. இனி நான் வீட்ல எப்படி உக்காந்திருப்பேன்? இங்கன வந்து ஒரு நாளைக்கு ஒரு தடவ அவன் சோறு திங்கதக் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

பானு எட்டி மாமியாரின் முந்தானையைப் பிடித்தாள். பொன்னுத்தங்கம் முடிச்சை விடவில்லை.